திங்கட்கிழமைச் சக்கரங்கள்

திங்கட்கிழமை சாயங்காலம் சித்தப்பா நன்றி சொல்ல ஆரம்பித்தால், கொதிக்கிற உலைக்கே கொட்டாவி வந்துவிடும்.

"அப்புறம், நம்ம தெரு விளக்கைச் சரி பண்ணினாரே, அவருக்கும் நன்றி," என்றார் சித்தப்பா. "அவருக்கு ஏணி பிடிச்ச தம்பிக்கும் நன்றி. அந்த ஏணி இருக்கே..."

"ஏணிக்கு அடுத்த வாரம் சொல்லிக்கலாம் தம்பி," என்றார் அம்மா. "உலோகம் ஆறிடப் போகுது."

தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்றிருந்த மிளகு களுக்கென்று சிரித்தாள்.

மிளகு என்பது அவளுடைய பட்டப்பெயர். வயது பத்து. ஆள் சின்னவள். ஆனால் சட்டென்று மூக்குக்கு மேல் கோபம் வரும். அதைப் பார்த்து சித்தப்பா வைத்த பெயர், பள்ளிக்கூடம் வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டுவிட்டது.

வீட்டின் பின்புறம், தகரக் கூரைக்குக் கீழே இருந்தது அம்மாவின் பட்டறை. அங்கே சின்னச் சக்கரங்கள் வார்ப்பார்கள். சக்கர நாற்காலிக்கு முன்னால் இரண்டு குட்டிச் சக்கரங்கள் இருக்குமே, அவைதாம். தள்ளுவண்டிக்கும் வார்ப்பார்கள். அப்பா அவற்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்றுவிட்டு வருவார்.

அலுமினியம் எடை குறைவு. ஆனால் மென்மையானது. சக்கரத்தின் நடுத்துளையில் எஃகு அச்சுத்தண்டு சுற்றிச் சுற்றித் துளையைத் தின்று பெரிதாக்கிவிடும். அதனால் அம்மா உருகிய அலுமினியத்தில் ஒரு கறுப்புப் பொடியைக் கலப்பார். உப்புத்தாளைத் தடவினால் கரகரவென்று இருக்கிறதல்லவா? அந்தக் கரகரப்பைத் தருகிற பொடிதான் அது. பெயர் சிலிக்கான் கார்பைடு. பட்டறையில் அவ்வளவு நீளமாகச் சொல்ல யாருக்குப் பொறுமை? 'கரகரப்பு' என்றுதான் சொல்வார்கள்.

கரகரப்பு உருகாது, கரையாது. குறுணை குறுணையாக அலுமினியத்துக்குள் உட்கார்ந்துகொள்ளும். அச்சுத்தண்டு வந்து தேய்த்தால், "எங்கே, என்னைத் தாண்டிப் போ பார்க்கலாம்" என்று குறுக்கே நிற்கும். அதனால் அம்மாவின் சக்கரங்கள் வருடக்கணக்கில் ஓடும்.

பட்டறை தொடங்கிய நாளிலிருந்து அங்கே ஒரு வழக்கம் உண்டு. வாரத்தின் முதல் சட்டியை வார்க்கும் முன் எல்லாரும் வேலையை நிறுத்துவார்கள். சித்தப்பா கலக்கிக்கொண்டிருக்கும் நீளத் துடுப்பை வெளியே எடுத்துச் சுவரில் சாய்த்துவிடுவார். கையுறைகளைக் கழற்றிவிட்டு, அந்த வாரம் யாருக்கு நன்றி சொல்ல வேண்டுமோ சொல்வார்கள். அந்தச் சட்டியில் வரும் முதல் இரண்டு சக்கரங்கள் அவருக்குப் பரிசு.

அன்றைக்கு சித்தப்பாவின் முறை. மழை நாளிலும் பால் கொண்டுவந்து கொடுத்த பால்காரரின் பெயரைச் சொல்லித் தொடங்கியவர், ஏணி வரைக்கும் வந்திருந்தார்.

ஒருவழியாகப் பேச்சு முடிந்தது. அம்மா அவசர அவசரமாகக் கையுறையை மாட்டி, நீளக் கரண்டியால் மேலாக மொண்டு மணல் அச்சுகளில் ஊற்றினார். முதல் அச்சு, இரண்டாவது, மூன்றாவது. கடைசி அச்சுக்கு வரும்போது கரண்டி சட்டியின் அடியைச் சுரண்டியது.

எல்லாம் நன்றாக ஆறிய பிறகுதான் மிளகின் வேலை. சக்கரத்தில் ஒட்டிய மணலைத் தேய்த்துத் தள்ளிவிட்டு, எந்த மணல் அச்சிலிருந்து வந்ததோ அந்த எண்ணைச் சாக்பீஸால் எழுதி வைப்பாள்.

"இந்தக் கடைசிச் சக்கரத்தைப் பாரு," என்று சித்தப்பா அலுத்துக்கொண்டார். "திங்கட்கிழமை வந்தாலே இது என் அரத்தைத் தின்னுடுது. போன வாரம் கையில இருந்து நழுவினதுமே விளிம்பு உடைஞ்சு போச்சு. திங்கட்கிழமைக்கும் எனக்கும் ஆகவே ஆகாது."

"எனக்கும்தான்," என்றாள் மிளகு. "திங்கட்கிழமைல கணக்குப் பாடம்."

*

மறுநாள் பள்ளி விட்டதும் மிளகு தையல் பெரியம்மா வீட்டுக்கு ஓடினாள்.

அவர் சொந்தப் பெரியம்மா இல்லை. ஆனால் சொந்தத்துக்கும் மேல். பட்டறை தொடங்கியபோது, தீப்பொறி தாங்கும் தடித்த துணியில் எல்லாருக்கும் கையுறை தைத்துக் கொடுத்தவர். அம்மா உலையருகே நின்ற நாட்களில் குட்டி மிளகைத் தன் தையல் இயந்திரத்தின் பக்கத்திலேயே தூங்க வைத்தவர். பெரியம்மா நடக்க மாட்டார். சக்கர நாற்காலியில்தான் தெருவெல்லாம் சுற்றி வருவார். போன வருடம் ஒரு திங்கட்கிழமைப் பரிசுச் சக்கரங்கள் அவருக்குத்தான் போயின.

"பெரியம்மா! பள்ளிக்கூடத்துல காட்டு நாடகம் போடறோம். டீச்சர் உங்களைத்தான் கூப்பிடச் சொன்னாங்க. அடுத்த புதன்கிழமை வந்து எல்லாருக்கும் அளவு எடுக்கணுமாம்."

"அப்படியா! நீ என்ன வேஷம்?"

"யானை."

"நீயா? உன்னை நாலா மடிச்சு யானையோட காதுக்குள்ள வச்சுடலாமே!"

பெரியம்மா சிரித்தார். பிறகு சிரிப்பு மெல்லக் குறைந்தது. "புதன்கிழமையா... எனக்கு முடியாதே கண்ணு. அளவை நீயே எடுத்துட்டு வந்து சொல்லிடு. நான் இங்கேயே தச்சுத் தர்றேன்."

"ஏன்? போன வருஷம் வந்தீங்களே?"

"வேலை இருக்கு."

மேசைமேல் ஒரு துண்டுத் துணிகூட இல்லை. மிளகு அதைப் பார்த்தாள். பெரியம்மா தண்ணீர் எடுத்துவர நாற்காலியைத் திருப்பினார். லொடக், லொடக், லொடக்.

மிளகு குனிந்து பார்த்தாள். முன் சக்கரங்கள் இரண்டும் குடிகாரரைப் போல ஆடின. நடுத்துளை தேய்ந்து, அச்சுத்தண்டுக்கும் துளைக்கும் நடுவே அவள் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்தது.

"பெரியம்மா! இது நம்ம சக்கரம்!"

"உஷ்ஷ்," என்றார் பெரியம்மா. "வீட்டுக்குள்ள நல்லாத்தான் ஓடுது."

"பள்ளிக்கூடத் தெரு எவ்வளவு சரிவு! இதை வச்சுக்கிட்டு எப்படி இறங்குவீங்க?"

"அதனாலதானே வரலைங்கறேன்." பெரியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே. எவ்வளவு ஆசையா, தன் கையாலேயே கொண்டுவந்து மாட்டிவிட்டா தெரியுமா? அப்படிக் கொடுத்ததைப் போய்க் குறை சொன்னா அவ மனசு என்ன பாடுபடும்? கையில அடிச்சுச் சத்தியம் பண்ணு."

மிளகுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் சத்தியம் செய்தாள்.

*

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவள் காதுக்குள் அந்த லொடக் சத்தமே கேட்டது.

பெரியம்மா வெளியே வராமலே இருந்துவிடுவாரோ? அம்மாவிடம் சொன்னால் சத்தியம் போய்விடும். சொல்லாவிட்டால் பெரியம்மா வீட்டோடு முடங்கிவிடுவார்.

அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருந்தது. அம்மாவின் சக்கரம் எப்படித் தேயும்? மருத்துவமனை வாங்கிய சக்கரங்கள் ஐந்து வருடமாக ஓடுகின்றன என்று அப்பா போன வாரம்கூடப் பெருமையடித்தாரே!

தெருமுனையில் காய்கறித் தள்ளுவண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. லொடக், லொடக். மிளகு நின்றாள்.

"அண்ணே, இந்தச் சக்கரம் எங்க வாங்கினீங்க?"

காய்கறிக்காரர் தலையைச் சொறிந்தார். "வாங்கலைம்மா. உங்க வீட்டுல அன்பளிப்பாக் கொடுத்தாங்க. அன்னிக்கு உங்க அப்பா வண்டி சேத்துல மாட்டினப்போ நான் தள்ளிவிட்டேன்ல, அதுக்கு." பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "நல்லா ஓடுது. ரொம்ப நல்லா ஓடுது."

லொடக் என்றது வண்டி.

'காசு கொடுத்து வாங்கினவங்க சக்கரம் நல்லா ஓடுது. நாம அன்பாக் கொடுத்தது மட்டும் ஆடுது' என்று மிளகு நினைத்தாள். நினைக்கவே கூச்சமாக இருந்தது. ஊரே அம்மாவைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கும்?

*

விடை கிடைத்தது பள்ளிக்கூடத்தில்.

நாடகத்துக்கு வானம் வரைய வேண்டும். ஓவிய டீச்சர் நீல வண்ணப் பொடியை ஒரு வாளித் தண்ணீரில் கொட்டிக் குச்சியால் நன்றாகக் கலக்கி வைத்தார். பிள்ளைகள் கிண்ணத்தோடு வரிசையில் நின்றார்கள். அப்போது பார்த்து தலைமை ஆசிரியர் உள்ளே வந்தார்.

"நாடகம் என்பது..." என்று தொடங்கினார்.

அவர் முடிப்பதற்குள் வரிசையில் நின்ற பாதிப் பேர் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

பிறகு டீச்சர் ஒவ்வொரு கிண்ணத்திலும் வண்ணம் மொண்டு ஊற்றினார். வரிசையில் முதலில் நின்றவன், குண்டூசி என்று எல்லாரும் கூப்பிடும் அவளுடைய வகுப்புத் தோழன். அவன் தீட்டிய வானம் வெளுத்துப்போய் இருந்தது. கடைசியில் நின்ற மிளகின் வானமோ நள்ளிரவு மாதிரி திட்டுத் திட்டாகக் கறுத்தது.

"ஏய், என் வானத்துக்குக் காய்ச்சல் வந்துடுச்சு," என்றான் குண்டூசி. "உனக்கு மட்டும் எப்படி இவ்வளவு நீலம்?"

"பொடியெல்லாம் அடியில போய் உட்கார்ந்துடுச்சுடா," என்றாள் மிளகு. "சார் பேசினப்போ யாரும் கலக்கலை..."

வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டாள். கையிலிருந்த தூரிகை குண்டூசியின் சட்டையில் ஒரு துண்டு வானத்தை வரைந்தது.

அன்று மாலை பட்டறையில் யாரும் இல்லாதபோது, மிளகு திங்கட்கிழமைச் சக்கரங்களை, பால்காரருக்கு இன்னும் கொடுக்காமல் வைத்திருந்த முதல் இரண்டையும் சேர்த்து, அலமாரியிலிருந்து எடுத்து வரிசையாக அடுக்கினாள். ஓர் ஆணியால் ஒவ்வொன்றின் உட்பக்கத்திலும் கீறிப் பார்த்தாள். முதல் சக்கரத்தில் வெண்ணெயில் கீறியது போல ஆழமான கோடு விழுந்தது. நடுவில் இருந்தவற்றில் மெல்லிய கோடு. கடைசிச் சக்கரத்தில் கோடே விழவில்லை. ஆணியின் முனைதான் மழுங்கியது.

செவ்வாய்க்கிழமை வார்த்த சக்கரங்களையும் கீறினாள். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி கோடு.

மற்ற நாட்களில் சித்தப்பா கலக்கிக்கொண்டே இருப்பார், அம்மா மொண்டு மொண்டு ஊற்றுவார். திங்கட்கிழமை மட்டும் துடுப்பு சுவரில் சாய்ந்திருக்கும். எல்லாரும் நன்றி சொல்லிக்கொண்டிருப்பார்கள். கரகரப்பு மெல்ல மெல்ல அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

"ஐயோ சித்தப்பா," என்று மிளகு தலையில் கை வைத்துக்கொண்டாள். "உங்க ஏணி!"

*

அடுத்த திங்கட்கிழமை மிளகின் முறை. அப்பாவும் வெளியூரிலிருந்து வந்திருந்தார்.

சட்டியில் அலுமினியம் நிலா மாதிரி பளபளத்தது. அம்மா, தனியாகச் சூடேற்றி வைத்திருந்த கரகரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினார். சித்தப்பா கலக்கினார்.

"சொல்லு மிளகு, இந்த வாரம் யாருக்கு?" என்றார் அம்மா.

"தையல் பெரியம்மாவுக்கு."

"அவங்களுக்குப் போன வருஷம்தானே கொடுத்தோம்?" என்றார் சித்தப்பா. "அந்தச் சக்கரம் இன்னும் பத்து வருஷம் ஓடுமே!"

மிளகு உதட்டைக் கடித்துக்கொண்டாள். சித்தப்பா துடுப்பை வெளியே எடுக்கப் போனார்.

"எடுக்காதீங்க சித்தப்பா! கலக்கிட்டே இருங்க! அம்மா, நீங்க ஊத்துங்க. நான் அப்புறமா நன்றி சொல்றேன்."

பட்டறையே திகைத்துப்போனது.

"நன்றி சொல்லாம வார்க்கறதா?" என்றார் அப்பா. "இத்தனை வருஷமா அப்படிச் செஞ்சதே இல்லையே."

"என்ன விளையாட்டு இது?" அம்மாவின் குரலில் கண்டிப்பு ஏறியது. "நம்ம வழக்கம் உனக்குத் தெரியும்ல?"

மிளகுக்கு மூக்கு சிவந்தது. ஆனால் கோபப்படவில்லை. போன வாரத்துச் சக்கரங்களையும் ஆணியையும் கொண்டுவந்து அப்பாவின் கையில் கொடுத்தாள்.

"முதல் சக்கரத்தைக் கீறிப் பாருங்கப்பா. அப்புறம் கடைசிச் சக்கரத்தை."

அப்பா கீறினார். மறுபடி கீறினார். பிறகு அம்மாவிடம் காட்டினார். அம்மா கையுறையைக் கழற்றி, அந்த ஆழமான கோட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"நாம நன்றி சொல்லும்போது கரகரப்பெல்லாம் அடியில இறங்கிடுதும்மா," என்றாள் மிளகு. "முதல்ல மொள்றதுல கொஞ்சம்தான் வருது. கடைசில மொள்றதுல மொத்தமா வந்துடுது. அதான் அது சித்தப்பாவோட அரத்தைத் தின்னுது, விழுந்தா உடையுது."

"அப்போ திங்கட்கிழமை மேல தப்பில்லையா?" என்றார் சித்தப்பா. துடுப்பு மட்டும் நிற்கவில்லை. நிறுத்த அவருக்கு இப்போது பயமாக இருந்தது.

அம்மா மெல்ல நிமிர்ந்தார். "முதல் சக்கரம்... நாம பரிசாக் கொடுக்கறது." அவர் முகம் மாறியது. "மிளகு, பெரியம்மா சக்கரம் எப்படி இருக்கு?"

"நான் சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

அப்பாதான் முதலில் சிரித்தார். "நல்லாக் காப்பாத்தினே போ உன் சத்தியத்தை!"

அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "காசு கொடுத்தவங்களுக்கெல்லாம் நல்ல சக்கரம். நமக்கு உதவி செஞ்சவங்களுக்கெல்லாம் ஓட்டைச் சக்கரம். ஒருத்தர்கூட வாயைத் திறக்கலையே! இவ்வளவு நல்லவங்களா இருந்தா நான் என்னதான் பண்றது?"

"அண்ணி, கை வலிக்குது," என்றார் சித்தப்பா. "ஊத்துறீங்களா இல்லையா?"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கையுறையை மாட்டினார். சித்தப்பா கலக்க, அம்மா மொள்ள, ஒவ்வோர் அச்சாக நிரம்பியது. கரண்டி கடைசி அச்சைவிட்டு எழும் வரைக்கும் துடுப்பு நிற்கவே இல்லை.

"இப்போ ஆறுறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று மிளகு கேட்டாள்.

"ரொம்ப நேரம்."

"அப்போ இப்போ நன்றி சொல்லலாம். சித்தப்பா எவ்வளவு வேணும்னாலும் பேசலாம்."

"தங்கமே!" என்றார் சித்தப்பா.

"முதல்ல நான்," என்றாள் மிளகு. பெரியம்மா எதிரிலேயே இருப்பது போலக் கையைக் கட்டிக்கொண்டாள். "பெரியம்மா, எனக்கு நடக்கத் தெரியாதப்போ என்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டீங்க. இப்பவும் தையல் மிஷின் சத்தம் கேட்டா எனக்குத் தூக்கம் வந்துடும். அது ரொம்ப நல்ல தூக்கம். அதுக்கு நன்றி."

அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். அணைத்ததில் மிளகின் சட்டையெல்லாம் கரியானது.

சித்தப்பா சொன்ன நன்றி, சக்கரம் ஆறி, மணல் தட்டி, எண் எழுதி முடித்த பிறகும் முடியவில்லை. மிளகு ஆணியை எடுத்து எல்லாச் சக்கரத்தையும் கீறினாள். முதலிலிருந்து கடைசி வரை, ஒரே மாதிரி மெல்லிய கோடு.

*

செவ்வாய்க்கிழமை அம்மாவே போய்ப் புதுச் சக்கரங்களை மாட்டினார்.

"ஏன்க்கா ஒரு வார்த்தை சொல்லலை?"

"ஆசையாக் கொடுத்ததை எப்படிச் சொல்றது?" என்ற பெரியம்மா, மிளகை முறைத்தார். "நீ சொன்னியா?"

"இல்லவே இல்லை! சொல்ல மாட்டேன்னுதான் சொன்னேன்."

பெரியம்மா அவளையே பார்த்தார். பிறகு அவள் கன்னத்தைக் கிள்ளினார். "சொல்லாம இருந்ததுக்கும் நன்றி. சொன்னதுக்கும் நன்றி. வா, யானைக்குக் காது வெட்டலாம்."

காய்கறிக்காரரின் வண்டிக்கும், பால்காரரின் வண்டிக்கும், இன்னும் நினைவுக்கு வந்த எல்லாருக்கும் அந்த வாரமே புதுச் சக்கரங்கள் போயின. "அது வந்து, கொஞ்சம் ஆடத்தான் செஞ்சுது" என்று முன்பே பரிசு வாங்கியவர்கள் ஒவ்வொருவராக அப்போதுதான் ஒத்துக்கொண்டார்கள்.

புதன்கிழமை காலை, பள்ளிக்கூடத் தெருவின் உச்சியில் பெரியம்மாவின் நாற்காலி வந்து நின்றது. மடியில் கத்தரிக்கோலும் துணியும், கழுத்தில் அளவு நாடா. கீழே பள்ளி வாசலில் டீச்சரும் பிள்ளைகளும் கையசைத்தார்கள்.

"நான் பின்னால பிடிச்சுக்கட்டுமா பெரியம்மா?"

"பிடிக்கறதா? என்னையா?"

நாற்காலி புறப்பட்டது. லொடக் சத்தமே இல்லை. விர்ரென்று ஒரே சீரான ஓசைதான். அளவு நாடா தோளுக்குப் பின்னால் பறந்தது.

"மெதுவாப் போங்க!" என்று கத்தினாள் மிளகு.

"ரொம்ப நாள் ஆச்சுடி!" என்று பெரியம்மா திரும்பிப் பார்க்காமலே சிரித்தார்.

மிளகு புத்தகப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மூச்சிரைக்க மூச்சிரைக்கப் பின்னாலேயே ஓடினாள். பள்ளி வாசல் வரைக்கும் அவளால் எட்டிப் பிடிக்கவே முடியவில்லை.